1,033 பேர் நின்ற மொடக்குறிச்சி: வேட்புமனு விதிகளை மாற்றிய ஒரு தொகுதியின் தேர்தல் வரலாறு

தேர்தல் அறிவிப்பு வெளியாகி வேட்புமனு தாக்கல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. பெரிய கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும் என்னும்போது சுயேச்சைக்கு மட்டும் ஏன் பத்துப் பேர் வேண்டும்? டெபாசிட் தொகை ஏன் இவ்வளவு? வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெரிய கட்சிகளின் பெயர்கள் மேலேயும் சுயேச்சைகளின் பெயர்கள் கீழேயும் இருப்பது ஏன்? இவை மூன்றும் வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றினாலும் விடை ஒரே ஆண்டில், 1996-இல் இருக்கிறது. அந்த விடையின் பெரும் பகுதி ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது.

மொடக்குறிச்சி என்றதும், 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கு போட்டியிட்ட வேட்பாளர்களின் எண்ணிக்கையான 1,033 மட்டுமே பலருக்கு நினைவுக்கு வரும். அதை ஒரு வேடிக்கைச் செய்தியாக, பொது அறிவு வினாவுக்கான விடையாகச் சுருக்கிவிட்டதால், அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த விவசாயிகளின் கோரிக்கையும், அதற்கு நாடாளுமன்றம் அளித்த பதிலும் மறைந்துபோயின. அவ்விரண்டையும் தொகுதியின் வரலாற்றோடு சேர்த்து வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

## தொகுதியும் அதன் மண்ணும்

மொடக்குறிச்சி இன்று தமிழ்நாட்டின் 100-ஆம் எண் சட்டமன்றத் தொகுதி. ஈரோட்டுக்குத் தெற்கே காவிரியின் மேற்குக் கரையை ஒட்டிக் கொடுமுடி, சிவகிரி, அவல்பூந்துறை எனப் பரவியிருக்கும் பகுதி இது. 2008-இல் தொகுதி மறுவரையறை நடைமுறைக்கு வரும் வரை திருச்செங்கோடு மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. திருச்செங்கோடு நீக்கப்பட்டு ஈரோடு மக்களவைத் தொகுதி உருவானபோது அதற்குள் வந்தது.

இங்கு அரசியலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் தண்ணீரைப் புரிந்துகொள்ள வேண்டும். பவானியில் தொடங்கி ஈரோடு வழியாகக் கொடுமுடியை நோக்கி ஓடும் காலிங்கராயன் வாய்க்கால் ஒரு பக்கம். கீழ்பவானி வாய்க்கால் மறுபக்கம். இவை இரண்டும் எட்டாத மேட்டு நிலங்களில் கிணறும் மோட்டாரும். மஞ்சள், கரும்பு, நெல், தென்னை ஆகியவையே பயிர்கள். எனவே வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறக்கப்படும், மின்சாரம் எத்தனை மணி நேரம் வரும், மஞ்சள் குவிண்டால் என்ன விலைக்குப் போகும் என்பவையே இங்கு நிலையான தேர்தல் பிரச்சினைகள்.

## 1977 முதல் 1989 வரை

இன்றுள்ள இரு கழகப் போட்டி முழு வடிவம் பெற்ற 1977 தேர்தலிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். அந்த ஆண்டு மொடக்குறிச்சியில் வென்றவர் அ.தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன். எம்.ஜி.ஆரின் முதல் அமைச்சரவையிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. 1980, 1984 தேர்தல்களிலும் தொகுதி அ.தி.மு.க.வின் கையிலேயே இருந்தது. இதற்கிடையில் சுப்புலட்சுமி தி.மு.க.வுக்கு வந்துவிட்டார். 1989-இல் அவர் ஈரோட்டில் வென்று மீண்டும் அமைச்சரானபோது மொடக்குறிச்சியைத் தி.மு.க.வுக்காக வென்றவர் அ. கணேசமூர்த்தி; பிற்காலத்தில் ம.தி.மு.க.வின் ஈரோடு மக்களவை உறுப்பினராக அறியப்பட்டவர் இவரே.

இந்தக் கட்டம் வரை மொடக்குறிச்சியின் கணக்கு மாநிலத்தின் பொதுவான போக்கிலிருந்து பெரிதும் விலகவில்லை. விலகல் கட்சிகளுக்கு வெளியே, உழவர் இயக்கத்தில் நடந்துகொண்டிருந்தது.

## கொங்கு உழவர் இயக்கம் என்ற பின்னணி

1,033 என்ற எண் திடீரென முளைத்ததல்ல. கொங்குப் பகுதியில் விவசாயிகள் அமைப்பாகத் திரண்டு போராடும் வழக்கம் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே வேரூன்றியிருந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். 1972-இல் சி. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே விவசாயிகள் நிறுத்திவைத்தனர். அவருடைய இயக்கம் 1982-இல் கட்சியாக மாறித் தேர்தல் களத்துக்கும் வந்தது. 1984-இல் அவர் மறைந்தபின் அந்த வலு சிதறியது. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் என்ற கோரிக்கை 1989-இல் அமைந்த தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியது.

சாலையில் வண்டியை நிறுத்தினால் அரசு திரும்பிப் பார்க்கும் என்பதை இந்த மண் அனுபவத்தில் அறிந்திருந்தது. 1996-இல் விவசாயிகள் வண்டிகளைச் சாலையில் நிறுத்தவில்லை. வேட்பாளர்களைத் தேர்தலில் நிறுத்தினார்கள். தங்கள் குறைகளை அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதை நாடு முழுவதும் அறியச் செய்வதற்கு அவர்கள் தேர்ந்த வழி அது. அதே ஆண்டில் ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் ஃபுளோரைடு கலந்த நீரால் அவதிப்பட்ட மக்கள் 480 வேட்பாளர்கள் என்ற நிலையை உருவாக்கினர். கர்நாடகத்தின் பெல்காமில் மொழிப் பிரச்சினை 456 வேட்பாளர்களைக் களத்தில் நிறுத்தியது. மூன்று இடங்களிலும் வெற்றி பெறுவது எவருடைய நோக்கமுமல்ல. வாக்குச்சீட்டையே மனுவாக மாற்றினார்கள் என்பதுதான் சரியான விவரிப்பு.

## அன்றைய சட்டம் எப்படி இடம் கொடுத்தது?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இல் இயற்றப்பட்டபோது சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாய் என்றும், மக்களவைக்கு 500 ரூபாய் என்றும் வைக்கப்பட்டது. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாத வேட்பாளர் தொகையை இழப்பார். இதைத்தான் டெபாசிட் போனது என்கிறோம்.

1951-இல் 250 ரூபாய் சாதாரணக் குடும்பத்துக்குப் பெருந்தொகை. நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்தத் தொகை ஒரு ரூபாய்கூட உயரவில்லை. 1996-இல் ஒரு விவசாயி தன் கோரிக்கைக்காக இழக்கத் துணியக்கூடிய தொகையாக அது சுருங்கியிருந்தது. மொடக்குறிச்சியின் 1,033 பேரும் முழுத் தொகையையே கட்டியதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 2,58,250 ரூபாய்தான் வருகிறது. மாநிலம் தழுவிய கவனத்தைப் பெற ஒரு மாநாடு நடத்தினால்கூட அதைவிட அதிகம் செலவாகும்.

மற்றொரு தடையும் அன்று இல்லை. கட்சி வேட்பாளரோ சுயேச்சையோ, தொகுதியின் வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். ஒரே வாக்காளர் பலரை முன்மொழியலாம். போட்டியிடுபவர் அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை; மாநிலத்தின் எந்தச் சட்டமன்றத் தொகுதியில் பெயர் இருந்தாலும் சரி.

## புத்தகமாக மாறிய வாக்குச்சீட்டு

மனுக்கள் பரிசீலிக்கப்பட்டு இறுதிப் பட்டியல் வந்தபோது 1,033 பெயர்கள் இருந்தன. இந்தியத் தேர்தல் வரலாற்றில் ஒரு தொகுதியில் அதற்கு முன்போ பின்போ இத்தனை பேர் நின்றதில்லை. மற்ற தொகுதிகளோடு சேர்த்து மொடக்குறிச்சியில் வாக்குப்பதிவை நடத்த முடியாமல் தள்ளிவைக்க நேர்ந்தது. ஒரே தாளில் அச்சிட இயலாது என்பதால் வாக்குச்சீட்டு புத்தக வடிவில் தயாரிக்கப்பட்டது.

அதன் நடைமுறைப் பொருள் என்ன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வழக்கமான தேர்தலில் வாக்காளர் ஒரு தாளை வாங்கி, மறைவிடத்துக்குச் சென்று, சின்னத்தின் மீது முத்திரை குத்தி, மை மறுபக்கம் ஒட்டாதபடி மடித்துப் பெட்டியில் போடுவார். இங்கு ஒவ்வொரு வாக்காளர் கையிலும் ஒரு புத்தகம். அன்றைய விதிப்படி எல்லா வேட்பாளர்களின் பெயர்களும் கட்சி வேறுபாடின்றி ஒரே அகரவரிசையில் வரும். ஆகவே பெரிய கட்சியின் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும் என்ற உறுதி இல்லை. ‘கி’யில் தொடங்கும் பெயரையும் ‘சு’வில் தொடங்கும் பெயரையும் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே பக்கம் பக்கமாகப் புரட்டித் தேட வேண்டும். எழுத்தறியாத வாக்காளர் சின்னத்தை மட்டுமே நம்பி அத்தனை பக்கங்களையும் கடக்க வேண்டும். வாக்கு எண்ணும் அலுவலரோ ஒவ்வொரு புத்தகத்திலும் முத்திரை எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்று தேடியெடுக்க வேண்டும். வேறு பக்கத்தில் இரண்டாவது முத்திரை இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

இந்தச் சிரமத்துக்குப் பின் வந்த முடிவுதான் முக்கியமானது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் 64,436 வாக்குகள் பெற்றார். இரண்டாவதாக வந்த அ.தி.மு.க.வின் ஆர்.என். கிட்டுசாமிக்கு 24,896 வாக்குகள். வித்தியாசம் 39,540. இவ்விருவரைத் தவிர மற்ற அனைவரும் டெபாசிட் இழந்தனர். 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை; 158 பேருக்குத் தலா ஒரே ஒரு வாக்கு.

அதிக வேட்பாளர்கள் நின்றால் வாக்காளர் குழம்பிவிடுவார், மக்களின் தீர்ப்பு திரிந்துவிடும் என்பது விதிகளைக் கடுமையாக்க வேண்டும் என்போர் முதலில் சொல்லும் காரணம். மொடக்குறிச்சி அந்தக் காரணத்துக்குத் துணை நிற்கவில்லை. ஆளுங்கட்சிக்கு எதிராக மாநிலம் முழுவதும் வீசிய அலை, தி.மு.க.வுக்கு 173 இடங்களைத் தந்த அதே அலை, ஒரு புத்தகத்தின் பக்கங்களுக்குள்ளும் தன் வழியைக் கண்டுபிடித்தது. சிரமப்பட்டது தேர்தல் நிர்வாகம். வாக்காளர் தெளிவாகவே இருந்தார்.

## 1996 ஆகஸ்டில் மாறியவை

சுயேச்சைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பேச்சு புதிதல்ல. தேர்தல் சீர்திருத்தம் குறித்து 1990-இல் அறிக்கை தந்த தினேஷ் கோஸ்வாமி குழுவும் அதைப் பற்றிப் பேசியிருந்தது. ஆண்டுக்கணக்கில் கிடப்பில் இருந்த விஷயம், மொடக்குறிச்சி, நல்கொண்டா, பெல்காம் நடந்த சில மாதங்களுக்குள் சட்டமானது. 1996 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் முக்கியக் கூறுகள்:

1. சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், மக்களவை டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் ஒரேயடியாக இருபது மடங்கு உயர்ந்தது. 2010 முதல் இவை முறையே 10,000, 25,000 ரூபாய்.

2. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர். சுயேச்சைக்கும் அங்கீகாரம் பெறாத கட்சியின் வேட்பாளருக்கும் தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர்.

3. பெயர்கள் மூன்று பிரிவுகளாக அடுக்கப்படும்: அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், பதிவு பெற்ற ஆனால் அங்கீகாரம் பெறாத கட்சிகள், பின்னர் சுயேச்சைகள். அகரவரிசை ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் மட்டுமே.

4. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்க முடியாது.

5. மனுக்களைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையிலான குறைந்தபட்ச இடைவெளி 20 நாட்களிலிருந்து 14 நாட்களாகக் குறைந்தது.

இவற்றுள் இரண்டாவதே நடைமுறையில் மிகவும் கடினமானது, பணத்தைவிடக் கடினமானது. சட்டமன்றத் தேர்தலுக்கான வேட்புமனு படிவம் 2பி-யில் சுயேச்சைகளுக்கென ஒரு தனிப் பகுதி உண்டு. அதில் பத்து வரிசைகள். ஒவ்வொன்றிலும் முன்மொழிபவரின் வாக்காளர் பட்டியல் பாகம் எண், வரிசை எண், முழுப் பெயர், கையொப்பம். பத்தில் ஒருவர் அந்தத் தொகுதியின் வாக்காளர் இல்லை என்றாலோ, கையெழுத்து தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டாலோ மனு முழுவதுமே தள்ளுபடியாகும். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு இப்படித்தான் நிராகரிக்கப்பட்டது: முன்மொழிந்தவர்களில் இருவர் கையெழுத்து தங்களுடையது அல்ல என்றனர். ஒரு பெரிய கட்சி வேட்பாளருக்கு இந்த ஆபத்து ஒருவரிடம் மட்டும்; சுயேச்சைக்குப் பத்துப் பேரிடமும்.

## விதிகள் வேலை செய்தனவா?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஆம். மொடக்குறிச்சியின் சாதனை அதன்பின் எங்கும் நெருங்கப்படவில்லை. அதே சமயம், பெரிய எண்கள் அடியோடு மறையவுமில்லை. மொடக்குறிச்சிக்கு அடுத்துள்ள ஈரோடு கிழக்கில் 2023 இடைத்தேர்தலில் 77 பேர் போட்டியிட்டனர்.

இங்கு இயந்திரத்தின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரும் சின்னமும் ஒட்டப்படும் ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்களுக்கு இடமுண்டு. இயந்திரத்தின் பழைய வகையில் நான்கு கருவிகளை இணைக்கலாம்: மொத்தம் 64, அதில் ஒன்று நோட்டாவுக்குப் போனால் 63 வேட்பாளர்கள். எம்3 எனப்படும் புதிய வகையில் 24 கருவிகள்: நோட்டாவையும் சேர்த்து 384. ஈரோடு கிழக்கில் 77 பேரும் நோட்டாவும் சேர்ந்து ஐந்து கருவிகளை ஒவ்வொரு சாவடியிலும் வரிசையாக வைக்க வைத்தன. 1,033 என்ற எண்ணிக்கை மீண்டும் வந்தால் எம்3 இயந்திரமும் போதாது. வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

## 1996-க்குப் பின் மொடக்குறிச்சி

புதிய விதிகளின் கீழ், முழுக்க இயந்திர வாக்குப்பதிவோடு நடந்த 2001 தேர்தலில் அ.தி.மு.க.வின் பி.சி. ராமசாமி வென்றார். 2006-இல் தி.மு.க. அணியில் நின்ற காங்கிரசின் ஆர்.எம். பழனிசாமிக்குத் தொகுதி கிடைத்தது. 1996-இன் ‘வாக்குப் புத்தக’த் தேர்தலில் இரண்டாமிடம் பெற்ற ஆர்.என். கிட்டுசாமி பதினைந்து ஆண்டுகள் கழித்து 2011-இல் சட்டமன்ற உறுப்பினரானார். 2016-இல் அ.தி.மு.க.வின் வி.பி. சிவசுப்பிரமணி. 1996 முதல் 2021 வரை எந்தக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினரும் தானே மறுமுறை இங்கு வெல்லவில்லை. ஒவ்வொரு முறையும் வேறொரு முகம்.

2021 தனியாகக் குறிப்பிட வேண்டிய தேர்தல். அ.தி.மு.க. தன் கையிலிருந்த இத்தொகுதியைக் கூட்டணிக் கட்சியான பா.ஜ.க.வுக்கு விட்டுக்கொடுத்தது. எதிரே சுப்புலட்சுமி ஜெகதீசன், 1977-இல் தொடங்கிய அரசியல் வாழ்வின் நாற்பத்து நான்காம் ஆண்டில், மத்திய இணையமைச்சராகவும் இருந்த அனுபவத்தோடு மீண்டும் மொடக்குறிச்சியில் நின்றார். பா.ஜ.க.வின் சி. சரஸ்வதி 78,125 வாக்குகள், சுப்புலட்சுமி 77,844. வித்தியாசம் 281. அந்த ஆண்டு பா.ஜ.க. தமிழ்நாட்டில் வென்ற நான்கு இடங்களில் இது ஒன்று.

ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நின்றபோது 39,540 வாக்கு வித்தியாசத்தில் ஐயத்துக்கு இடமின்றி முடிவு சொன்ன தொகுதி, இயந்திரத்தில் அடங்கும் அளவுக்கு வேட்பாளர்கள் குறைந்தபின் 281 வாக்கில் முடிவு சொன்னது. எனவே தீர்ப்பின் தெளிவு பட்டியலின் நீளத்தைப் பொறுத்தது என்று வாதிடுவதற்கு மொடக்குறிச்சியின் வரலாறு உதவாது.

## நிற்பது உரிமையா, அனுமதியா?

இத்தனை நிபந்தனைகளை விதிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி இயல்பாக எழும். சட்டப்படி உண்டு. அதற்கான அடிப்படைத் தீர்ப்பு காவிரியின் மறுகரையிலிருந்துதான் கிளம்பியது. முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதியில் மனு நிராகரிக்கப்பட்ட என்.பி. பொன்னுசாமி தொடுத்த வழக்கில், வாக்களிப்பதும் தேர்தலில் நிற்பதும் சட்டம் உருவாக்கித் தரும் உரிமைகள், ஆகவே அந்தச் சட்டம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 1952-இல் கூறியது. சட்டம் தந்ததைச் சட்டம் சுருக்கவும் செய்யலாம். சுயேச்சைகளை முற்றிலும் தடைசெய்யலாம் என்று சட்ட ஆணையமே 2015-இல் பரிந்துரைத்தது, அது ஏற்கப்படவில்லை.

அதிகாரம் இருப்பதும் அது பயன்பட்ட விதம் நியாயமாக இருப்பதும் வேறு. நாற்பத்தைந்து ஆண்டுகள் மாறாதிருந்த டெபாசிட் தொகையை உயர்த்தியதில் தவறில்லை. ஒரு சாவடியில் ஒவ்வொருவர் கையிலும் புத்தகம் கொடுத்துத் தேர்தல் நடத்த முடியாது என்பதும் உண்மை. ஆனால் மொடக்குறிச்சி விவசாயிகள் கேட்டது வேட்புமனு விதிகளைப் பற்றியல்ல. அவர்கள் தங்கள் வாழ்வாதாரத்தைப் பற்றிக் கேட்டார்கள். அந்தக் கேள்வி கிளப்பிய நிர்வாகச் சிக்கலுக்கு மட்டும் நாடாளுமன்றம் விரைந்து பதிலளித்தது. மறுமுறை அப்படிக் கேட்பதற்கான விலையை இருபது மடங்காக்கியது.

அந்த விலையையும் கொடுத்து ஒருமுறை கேட்டார்கள், வேறோர் ஊரில். 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 170-க்கும் மேற்பட்ட விவசாயிகள், டெபாசிட் 25,000 ரூபாய் என்ற விதியும் பத்துக் கையெழுத்துகளும் இருந்தும், மனுத்தாக்கல் செய்தனர். மொத்தம் 185 வேட்பாளர்கள். ஒரு சாவடிக்குப் பன்னிரண்டு கருவிகள். அவர்களும் மஞ்சள் விவசாயிகள். கோரியது தேசிய மஞ்சள் வாரியம். பதவியிலிருந்த உறுப்பினர் கே. கவிதா தோற்றார், வாரியத்தைக் கொண்டுவருவேன் என்று பத்திரத்தாளில் எழுதிக் கொடுத்த பா.ஜ.க.வின் டி. அரவிந்த் வென்றார். 2023 அக்டோபரில் வாரியம் அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. மஞ்சளுக்குத் தனி வாரியம் வேண்டும் என்று ஈரோட்டு விவசாயிகளும் கேட்டுவந்தார்கள்.